ஒரு எழுத்து மாறினால் பறவைக் காய்ச்சல் மனிதக் காய்ச்சல் ஆகிவிடுமா?

கேள்வி இது: "எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸில் இ627கே என்ற திடீர்மாற்றம் தென்பட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. அந்த ஒரு மாற்றம் போதுமா? இன்ஃப்ளூயன்ஸாவைக் கொடியதாக்கும் மாற்றங்கள் எவை? பாலூட்டிகளுக்குப் பழகிக்கொள்வதும் கொடியதாவதும் ஒன்றா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் அதில்தான் சிக்கிக் கிடக்கின்றன.

இரண்டும் ஒன்றல்ல. 2013இல் மனிதர்களிடம் முதலில் தென்பட்ட எச்7என்9 வைரஸ் கோழிகளை ஆரம்பத்தில் எதுவும் செய்யவில்லை. அவை பார்வைக்கு நன்றாகவே இருந்தன, இரை தின்றன. நுரையீரல் அழற்சியோடு மனிதர்கள் மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் இப்படி ஒரு வைரஸ் சுற்றுகிறது என்பதே தெரிந்தது. உறுதிசெய்யப்பட்ட 1,568 பேரில் 616 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவவே இல்லை. 2009இல் வந்த எச்1என்1 இதற்கு நேர்மாறு. சில மாதங்களில் உலகைச் சுற்றி வந்துவிட்டது, ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சில நாள் காய்ச்சலோடு போய்விட்டது. முன்னதற்கு வீரியம் உண்டு, மனித உடம்போடு பழக்கம் போதாது. பின்னதற்குப் பழக்கம் முழுமை, வீரியம் குறைவு. "ஆபத்தான மாற்றம்" என்று ஒரே பெயரில் செய்தி வரும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சரி, இனி வைரஸைப் பார்ப்போம். இன்ஃப்ளூயன்ஸா ஏ வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டு ஆர்என்ஏ. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 13,500 எழுத்துகள். இதைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதிக்குப் பிழை திருத்தும் பழக்கம் கிடையாது. எழுதியதைத் திரும்பிப் படிக்காமல் அடுத்த தாளுக்குப் போய்விடும் எழுத்தரைப் போல. அதனால் தொற்று வந்த ஒருவரின் மூக்குக்குள்ளேயே ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட வைரஸ்கள் ஒரு கூட்டமாக இருக்கும். பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடு, அவை அங்கேயே மடியும். ஆகவே ஒரு மாற்றம் தோன்றியது என்பதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அது அந்தக் கூட்டத்தில் கை ஓங்கியதா, அடுத்த உடம்புக்குத் தாவியதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எழுத்துப் பிழை தவிர இன்னொரு வழியும் உண்டு. ஒரே செல்லுக்குள் இரண்டு வகை வைரஸ்கள் புகுந்தால் துண்டுகள் கலந்துபோகும். 1957 பெருந்தொற்று வைரஸ் மூன்று துண்டுகளைப் பறவை வைரஸிடமிருந்து பெற்றது, 1968 வைரஸ் இரண்டை. அந்தக் கதை தனியாக நீளும். இங்கே எழுத்து மாற்றத்தோடு நிற்கிறேன்.

நீங்கள் கேட்ட 627. பாலிமரேஸ் மூன்று புரதங்கள் சேர்ந்த இயந்திரம். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் மரபுப்பொருளின் மூன்று எழுத்துகள் குறிக்கும். அதில் பிபி2 என்ற புரதத்தின் 627ஆவது இடத்தில் பறவை வைரஸ்களில் பொதுவாகக் குளூட்டமிக் அமிலம் இருக்கும். மனித வைரஸ்களில் லைசின். முதலாவதன் சுருக்கக் குறி இ, இரண்டாவதன் குறி கே, அதனால்தான் இ627கே. ஜிஏஜி என்ற மூன்றெழுத்தில் முதல் எழுத்து மட்டும் மாறி ஏஏஜி ஆனால் போதும், குளூட்டமிக் அமிலம் லைசின் ஆகிவிடும். வேதியியலாகப் பார்த்தால் எதிர்மின்னேற்றம் இருந்த இடத்தில் நேர்மின்னேற்றம் வந்து உட்காருகிறது. இந்த இடம் எந்த விலங்கில் வைரஸ் வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று 1993இலேயே காட்டிவிட்டார்கள். ஏன் என்று தெரிய 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் வைரஸில் இல்லை, நம் செல்லில் இருந்தது. வைரஸின் பாலிமரேஸ் தனியாக வேலை செய்யாது. செல்லின் உட்கருவில் உள்ள ஏஎன்பி32ஏ என்ற புரதத்தைத் துணைக்கு இழுத்துக்கொள்ளும். பெரும்பாலான பறவைகளிடம் அந்தப் புரதத்தில் கூடுதலாக 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நீட்சி உண்டு. பாலூட்டிகளிடம் அது இல்லை. நீளமான துணையோடு பழகிய பறவை வைரஸுக்கு நம்முடைய குட்டையான துணை ஒத்துவருவதில்லை. 627இல் லைசின் வந்தால் ஒத்துவருகிறது. கூடவே வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது. பறவைக் குடலில் 40, 41 டிகிரி. மனித மூக்கில் சுமார் 33 டிகிரி. பறவை வைரஸின் பாலிமரேஸ் அந்தக் குளிரில் மந்தமாகிவிடும். லைசின் உள்ளது அங்கேயும் சுறுசுறுப்பாக ஓடும்.

இதற்கும் வீரியத்துக்கும் என்ன தொடர்பு? 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 முதன்முறையாக 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. அந்த நோயாளிகளிடமிருந்து பிரித்த வைரஸ்களில் சில எலிகளைக் கொன்றன, சில கொல்லவில்லை. 2001இல் வெளியான ஆய்வில் 627ஆவது இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். சாதுவான வைரஸ் கொடியதானது, கொடியது சாதுவானது. செய்திகளில் இந்த மாற்றத்துக்குக் கிடைத்த பேருக்கு வேர் இங்கேதான். ஆனால் அதே ஆய்வின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. வைரஸின் வெளிப்புரதம் எளிதில் வெட்டுப்படும் தன்மையை (இது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) எடுத்துவிட்டால் 627இல் லைசின் இருந்தும் எலிகள் பிழைத்துக்கொண்டன. ஒரு கை தட்டி ஓசை வரவில்லை.

விதிவிலக்குகளையும் பார்த்துவிடலாம். 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பட்டைத்தலை வாத்துகளைக் கொன்ற எச்5என்1 வைரஸ்களில் 627இல் லைசின் இருந்தது. அந்த வழிவந்த வைரஸ்கள் காட்டுப் பறவைகளிடையே பல நாடுகளுக்குப் பரவின. அதனால் மனிதப் பெருந்தொற்று எதுவும் வரவில்லை. 2009 எச்1என்1 பெருந்தொற்று வைரஸிலோ 627இல் பறவைக்குரிய குளூட்டமிக் அமிலமே இருந்தது. அது 590, 591 ஆகிய இடங்களில் வேறு இரண்டு மாற்றங்களை வைத்து அதே தடையைத் தாண்டியிருந்தது. 701ஆவது இடம் இன்னொரு மாற்றுவழி. 2024 முதல் அமெரிக்கக் கறவை மாடுகளில் பரவிய வைரஸ் 631ஐப் பயன்படுத்தியது. ஆகவே 627ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது, நாலு வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலில் மட்டும் காவல் நிற்பது மாதிரி.

இது வரை சொன்னது செல்லுக்குள் போன பிறகு நடப்பது. உள்ளே போவது ஹீமக்ளூட்டினின் என்ற வெளிப்புரதத்தின் வேலை. செல்லின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலத்தை அது பிடித்துக்கொள்ளும். அந்த அமிலம் சங்கிலியோடு இணைந்திருக்கும் விதத்தில் ஒரு வேறுபாடு உண்டு. பறவைக் குடலில் அதிகம் இருப்பது ஆல்ஃபா 2,3 இணைப்பு. மனித மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் அதிகம் இருப்பது ஆல்ஃபா 2,6. எச்2, எச்3 வகைகளில் 226, 228 ஆகிய இரண்டு இடங்கள் மாறினால் பறவைப் பிடி மனிதப் பிடியாகும். 1957, 1968 பெருந்தொற்று வைரஸ்கள் இப்படித்தான் மாறியிருந்தன. எச்1 வகைக்கு இடங்கள் வேறு, 190உம் 225உம்.

பறவை இணைப்பு மனிதரிடம் அறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நுரையீரலின் அடியில், காற்றுப்பைகளில் அது இருக்கிறது. கண்ணின் வெண்படலத்திலும் இருக்கிறது. எச்5என்1 நோயாளிகளில் பலருக்கு நுரையீரல் அழற்சி கடுமையாக வருவதற்கும், அவர்கள் இருமினாலும் அடுத்தவருக்கு எளிதில் ஒட்டாததற்கும் ஒரே விளக்கம் இதில் கிடைக்கிறது. வைரஸ் குடியிருப்பது ஆழத்தில். மேலே மூக்கில் குடியேறினால் அது நல்ல ஒட்டுவாரொட்டியாகும், ஆனால் ஆழத்தில் இருந்தபோது செய்த அளவு சேதம் செய்யாமலும் போகலாம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று 2009 வைரஸே. நார்வேயில் தீவிர நோயாளிகள் சிலரிடம் ஹீமக்ளூட்டினினில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். 222ஆவது இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் கிளைசின் ஆகியிருந்தது. (மேலே 225 என்று எழுதினேனே, அதே இடம்தான். எண்ணும் முறை இரண்டு இருப்பதால் வரும் குழப்பம் இது. இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்தில் தலையைப் பிய்த்துக்கொள்வது இதில்தான்.) சோதித்த 61 தீவிர நோயாளிகளில் 11 பேரிடம் அது இருந்தது. லேசான நோய் கண்ட 205 பேரில் ஒருவரிடமும் இல்லை. அந்த மாற்றம் வைரஸுக்குப் பறவைப் பிடியை ஓரளவு திருப்பிக் கொடுத்து நுரையீரலின் ஆழத்தை எட்ட வைத்தது. வீரியம் கூடியது. ஆனால் அது ஊரெல்லாம் பரவவில்லை. நோயாளியின் நுரையீரலுக்குள் உருவாகி பெரும்பாலும் அங்கேயே நின்றது. வீரியம் ஒரு பக்கம் இழுத்தது, பழக்கம் இன்னொரு பக்கம் இழுத்தது.

அடுத்தது வெட்டுமிடம். ஹீமக்ளூட்டினின் முழுசாக இருக்கும்போது வேலை செய்யாது. செல்லின் நொதி ஒன்று அதை இரண்டாக வெட்ட வேண்டும். சாதாரண வைரஸ்களில் வெட்டுமிடத்தில் ஒரே ஒரு கார அமினோ அமிலம் இருக்கும். அதை வெட்டும் நொதிகள் மூச்சுப்பாதையிலும் குடலிலும்தான் உண்டு, வைரஸ் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். அந்த இடத்தில் கார அமினோ அமிலங்கள் நாலைந்து வரிசையாகச் சேர்ந்துவிட்டால் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கும் ஃபியூரின் என்ற நொதி வெட்டிவிடும். பிறகு மூளை, இதயம், கல்லீரல் என்று தடையில்லை. எச்5, எச்7 வகைகள் கோழிப் பண்ணைகளை ஒரே வாரத்தில் காலியாக்குவது இதனால்தான்.

இது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா உதாரணம். 1983 ஏப்ரலில் அங்கே எச்5என்2 கோழிகளுக்கு வந்தது. லேசான நோய். அதே ஆண்டு அக்டோபரில் அதே வைரஸ் கொத்துக் கொத்தாகக் கொல்லத் தொடங்கியது. கட்டுப்படுத்துவதற்குள் சுமார் 1 கோடியே 70 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. இடையில் என்ன மாறியது? வெட்டுமிடத்தில் கார அமினோ அமிலங்கள் ஏப்ரலிலேயே இருந்தன. ஆனால் பக்கத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டிக்கொண்டு அந்த இடத்தை மூடியிருந்தது. ஒரு மாற்றத்தால் அந்தச் சர்க்கரை ஒட்டும் இடம் போனது. மூடி விலகியது, அவ்வளவுதான். உறையில் இருந்த கத்தி வெளியே வந்தது போல. ஏப்ரல் மாத வைரஸின் மரபெழுத்துகளை அன்றே வரிசைப்படுத்திப் பார்த்திருந்தாலும், சர்க்கரையைக் கவனிக்காதவர் ஒன்று குழம்பியிருப்பார் அல்லது அலட்சியமாக விட்டிருப்பார்.

கோழிக்கு இவ்வளவு பெரிய ஆயுதமான இது மனிதப் பெருந்தொற்று எதிலும் பயன்படவில்லை என்பது எனக்கு எப்போதும் சுவாரசியமாகப் படும். 1918 பெருந்தொற்று வைரஸிலும் அது இல்லை. அந்த வைரஸ் நமக்குக் கிடைத்த விதமே தனிக் கதை. அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் கிராமத்தில் 1918இல் இறந்த 72 பேரை உறைமண்ணில் புதைத்திருந்தார்கள். யோஹான் ஹல்டின் என்ற ஆய்வாளர் 1951இல் இளைஞராக அங்கே தோண்டி எடுத்த திசுவில் உயிருள்ள வைரஸ் கிடைக்கவில்லை. 1997இல் 72 வயதில் திரும்பிப் போய் மறுபடி தோண்டினார். அந்தத் திசுவையும் அமெரிக்க ராணுவத்தின் நோயியல் நிறுவனத்தில் பாதுகாத்திருந்த மாதிரிகளையும் வைத்து ஜெஃப்ரி டாபன்பெர்கர் குழு மரபுத்தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்தது. 2005இல் வைரஸ் மறுபடி உருவாக்கப்பட்டது. எலிகளைச் சில நாள்களில் கொன்றது. எந்த ஒரு மரபணு காரணம் என்று தேடியபோது ஹீமக்ளூட்டினினும் பாலிமரேஸ் மரபணுக்களும் சேர்ந்து வந்தால்தான் அந்த அளவு வீரியம் என்று தெரிந்தது. பிபி2 627இல் லைசின் இருந்ததும் உண்மை, அது மட்டுமே காரணம் இல்லை என்பதும் உண்மை.

நோயெதிர்ப்போடு நடக்கும் ஒளிந்துபிடிக்கும் விளையாட்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வைரஸின் என்எஸ்1 புரதம் செல்லின் இன்டர்ஃபெரான் எச்சரிக்கை மணியை அமுக்கும். நம் செல்லில் உள்ள எம்எக்ஸ்ஏ, பிடிஎன்3ஏ3 போன்ற புரதங்கள் பறவை வைரஸ்களைத் தடுக்கும். அவற்றிடமிருந்து தப்புவதற்கான மாற்றங்கள் வைரஸின் என்பி புரதத்தில் வருகின்றன. பிபி1-எஃப்2 என்ற சின்னப் புரதத்தில் 66ஆவது இடத்தில் செரின் வந்தால் எலிகளில் வீரியம் கூடுகிறது. 1918 வைரஸிலும் 1997 ஹாங்காங் வைரஸிலும் அது இருந்தது. 2009 வைரஸில் இந்தப் புரதம் பாதியிலேயே வெட்டுப்பட்டுக் கிடந்தது, ஆனாலும் அது உலகைச் சுற்றியது.

ஆக, மாற்றத்தின் பலன் அது எந்த வைரஸில் வருகிறது என்பதைப் பொறுத்தது. இதற்கு மருந்தெதிர்ப்பைவிட நல்ல பாடம் கிடையாது. வைரஸின் இன்னொரு வெளிப்புரதமான நியூராமினிடேஸின் 275ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் டைரோசின் ஆனால் இன்ஃப்ளூயன்ஸாவுக்குக் கொடுக்கும் ஓசல்டமிவிர் மருந்து வேலை செய்யாது. ஆனால் அந்த மாற்றம் வைரஸையே நொண்டியாக்குகிறது, ஆகவே பரவாது என்று ஆய்வகங்கள் ஆறுதல் சொன்னன. 2007-08 குளிர்காலத்தில் நார்வேயில் அது சர்வசாதாரணமாகத் தென்பட்டது. இத்தனைக்கும் அங்கே அந்த மருந்தின் பயன்பாடே குறைவு. அடுத்த ஓராண்டுக்குள் உலகின் பருவகால எச்1என்1 ஏறக்குறைய முழுவதும் அப்படி ஆகிவிட்டது. பிறகுதான் புரிந்தது: அதற்கு முன்பே அதே புரதத்தில் சத்தமில்லாமல் வந்திருந்த வேறு மாற்றங்கள் அந்த நொண்டலைச் சரிக்கட்டி வைத்திருந்தன. பழைய வைரஸில் பார்த்த முடிவைப் புதிய வைரஸுக்கு அப்படியே பொருத்தியதில் வந்த தவறு.

காற்றில் பரவ என்னென்ன வேண்டும்? இதை ஃபெரட்டில் பார்ப்பார்கள். கீரி போல நீண்ட உடம்புள்ள சின்ன விலங்கு. மனிதரைப் போலவே காய்ச்சல் வரும், தும்மும். 1933இல் மனித இன்ஃப்ளூயன்ஸா வைரஸை லண்டனில் முதன்முதலில் பிரித்தெடுத்ததே இதன் உதவியால்தான். 1936இல் சார்லஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற மருத்துவரின் முகத்திலேயே ஒரு ஃபெரட் தும்மி அவருக்குக் காய்ச்சலைக் கொடுத்தது. 2012இல் ரான் ஃபூஷியே குழுவும் யோஷிஹிரோ கவாவோகா குழுவும் எச்5 வைரஸைத் தனித்தனியே மாற்றி, ஃபெரட்டிலிருந்து ஃபெரட்டுக்குக் காற்றில் பரவ வைத்தன. தேவைப்பட்டவை நாலைந்து மாற்றங்கள். சிலது மனிதப் பிடிக்கானவை. ஒன்று சர்க்கரைச் சங்கிலியை நீக்கியது. ஃபூஷியே குழுவின் வைரஸில் 627 லைசினும் இருந்தது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஹீமக்ளூட்டினினை உறுதியாக்கிய மாற்றம். பறவைகளிடையே தண்ணீர் வழியாகப் பரவும் வைரஸுக்கு அந்தப் புரதம் சற்று எளிதில் அமிலத்தில் விரிந்தாலும் பரவாயில்லை. மூச்சுத்துளியில் காற்றில் மிதந்து, லேசான அமிலத்தன்மையுள்ள மூக்கைக் கடந்து போக அது உறுதியாக இருக்க வேண்டும். பிடி, உறுதி, பாலிமரேஸ் மூன்றும் ஒரே வைரஸில் சேர வேண்டும். காற்று வழியே தொற்று வந்த அந்த ஃபெரட்கள் சாகவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த ஆய்வுகளை வெளியிடலாமா என்று பெரிய சண்டை நடந்து, ஆய்வாளர்களே ஓராண்டு வேலையை நிறுத்தி வைத்தார்கள்.

இப்போது நடப்பது எங்கே நிற்கிறது? 2021க்குப் பிறகு பரவிய எச்5என்1 கிளை பாலூட்டிகளை முன்பு பார்த்திராத அளவில் தொட்டிருக்கிறது. 2023இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் சுமார் 17,000 யானைச்சீல் குட்டிகள் இறந்தன. அந்த ஆண்டு பிறந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே. தென் அமெரிக்கக் கடல் பாலூட்டிகளின் வைரஸ்களில் பிபி2 701உம் 591உம் மாறியிருந்தன. இது முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு விலங்கும் பறவையிடமிருந்து தனித்தனியாக வாங்கியதாகத் தெரியவில்லை, பாலூட்டியிலிருந்து பாலூட்டிக்குப் போயிருக்கிறது. மாடுகளில் வைரஸ் தங்கியது மூச்சுப்பாதையில் இல்லை, மடியில். மடியில் பறவை இணைப்பும் மனித இணைப்பும் இரண்டும் உண்டு. அந்தப் பாலைக் குடித்த பூனைகள் செத்தன.

டெக்சஸில் ஒரு பால்பண்ணைத் தொழிலாளிக்குத் தொற்றிய வைரஸில் 627 லைசின் இருந்தது. அவருக்கு வந்ததெல்லாம் கண் சிவப்பு. அதே வைரஸை ஃபெரட்களுக்குச் செலுத்தியபோது அத்தனையும் இறந்தன. எந்த வழியாக, எவ்வளவு, யாருடைய உடம்புக்குள் என்பதெல்லாம் மாறும்போது ஒரே வைரஸுக்கு இரண்டு முகம். 2024 இறுதியில் வந்த ஓர் ஆய்வு இந்த மாட்டு வைரஸின் ஹீமக்ளூட்டினினில் 226ஆவது இடம் ஒன்று மாறினாலே பிடி மனிதப் பிடியாகிவிடும் என்று காட்டியது. முந்தைய எச்5 வைரஸ்களுக்குப் பல மாற்றங்கள் தேவைப்பட்டன. ஆய்வில் பயன்படுத்தியது புரதம் மட்டும், முழு வைரஸ் இல்லை. இருந்தாலும் எண்ணிக்கை ஒன்றாகக் குறைந்திருப்பது லேசான விஷயம் இல்லை. 627ஐவிட 226 பற்றிய செய்திக்குத்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

அப்படி நிமிர வைத்த செய்தி ஒன்று 2024 நவம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்தது. ஒரு பதின்ம வயதுப் பெண் காட்டுப் பறவைகளிடம் காணப்படும் எச்5என்1 வகையால் தீவிர சிகிச்சைக்குப் போனார். மாதிரியை வரிசைப்படுத்தியபோது 627இல் லைசினும் தென்பட்டது. ஹீமக்ளூட்டினினின் 190, 226 இடங்களில் ஒரே எழுத்து இல்லை, கலவை. சில வைரஸ்களில் பறவைக்குரியது, சிலவற்றில் மாறியது. அதாவது மாற்றம் பறவையிலிருந்து வரவில்லை என்றே தோன்றுகிறது, அந்த நுரையீரலுக்குள் நாள்கணக்கில் பெருகும்போதே உருவாகிக்கொண்டிருந்தது. அவரோடு பழகியவர்களில் யாருக்கும் தொற்றவில்லை. அவர் குணமடைந்தார். கலவை அந்த ஓர் உடம்போடு முடிந்துபோனது.